பொழுது சாயும் முன்னே ஒரு மன்னிப்பு

அத்தியாயம் 14

சென்ற வாரம் குமாரியை முந்திரிக்கொத்துக்கு மாவு கரைக்கும் இடத்தில் விட்டோம். அதெல்லாம் பொரித்து எடுத்து, இரண்டு டின் நிறைத்து, மூடியும் ஆயிற்று. ஆனால் பொரித்தவள் அடுப்படியில் இல்லை. முற்றத்தில் நின்று தங்கப்பனின் சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். விட்டால் அவன் போய்விடுவான் என்று பயம்.

"இன்னொரு தடவ சொல்லு தங்கப்பா. போன்ல அவ என்ன சொன்னா?"

"எத்தன தடவக்கா சொல்லுவேன்? இஸ்ரேலுல இருந்தாக்கும்னு சொன்னா. 'ஸுமியுடெ அம்ம வரணும், நாலு மணிக்கு விளிக்கும், அம்ம மதி'ன்னா. வெச்சிட்டா."

அம்மா மட்டும் போதுமாம்.

"சுமி பேசல்லியா?"

"இல்ல."

"பின்னால அவளுக்க சத்தம் வல்லதும் கேட்டுதா?"

"ஒரு கோழி கூவிச்சு." தங்கப்பன் யோசித்தான். "அது நம்ம வீட்டு அம்மிணிக்க கோழியாக்கும்னு பெறவு தோணிச்சு."

மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. நாலு மணிக்கு இன்னும் நாலரை மணி நேரம் கிடந்தது. அதை எப்படித் தாண்டுவது என்று குமாரிக்குத் தெரியவில்லை.

வாசகர்களுக்கு நினைவிருக்கும். குமாரியின் மூத்த மகள் சுமி போய் ஒன்றரை வருடம் ஆகிறது. எருசலேமுக்குப் பக்கத்து மலையூர் ஒன்றில், படுக்கையோடு கிடக்கும் எஸ்தேர் என்ற முதிய அம்மையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எஸ்தேரின் குடும்பம் நாற்பது வருடத்துக்கு முன்பு வடக்கே பறவூரிலிருந்து கப்பலேறிப் போன யூதக் குடும்பம். நோய் வந்தபின் எஸ்தேருக்கு இடையில் படித்த மொழியெல்லாம் உதிர்ந்து மலையாளம் மட்டும் மிஞ்சியது. அதனால்தான் கேரளத்துப் பெண் வேண்டியிருந்தது. வீட்டை ஆளுகிறவள் எஸ்தேரின் மகள் சிம்கா.

இன்று சரஸ்வதி பூஜை. ஐந்து மணிக்குப் பெருங்கடவிளையிலிருந்து ரத்னபாய் வருகிறாள், தன் மகன் ரெஜிக்கும் சுமிக்கும் கல்யாணத் தேதி பேச. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் டெலிபோன் பூத் வைத்திருக்கும் இதே தங்கப்பன். அவன் காதில் விழுந்தது பெருங்கடவிளையில் விழ இரண்டு பஸ் நேரம் போதும்.

செய்தியைக் கேட்ட குமாரியின் புருஷன் செல்லசாமி தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மனிதர். வண்டியில் ஒருவன் மயங்கி விழுந்தால் விசிலடித்து நிறுத்திக் காரியம் பார்ப்பார். வீட்டில் ஒரு தம்ளர் உருண்டால் போதும், நெஞ்சைப் பிடிப்பார்.

"அம்மைய மட்டும் விளிச்சா அதுக்கு ஒரு அர்த்தம் தானே உண்டு."

"வாய மூடுங்க," என்றாள் குமாரி. சொன்ன வேகத்தில் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. "நேத்தைக்குக் கடிதாசி வந்ததே!"

வந்ததுதான். புத்தகங்களைப் பூஜைக்குக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது. இளையவள் ஸ்மிதா கையில் சந்தனம். ராத்திரி படித்துக்கொள்ளலாம் என்று கெமிஸ்ட்ரி நோட்டுக்குள் செருகினாள். அந்த நோட்டு கட்டோடு கட்டாகப் பட்டுத்துணிக்குள் போய் விளக்கின் முன்னே ஏறிவிட்டது. ஏறினால் ஏறினதுதான், விஜயதசமி காலையில்தான் இறங்கும். அதுவரை அந்த வீட்டில் யாரும் ஓரெழுத்து படிக்கவோ எழுதவோ கூடாது. நேற்று எல்லோரும் சிரித்துவிட்டு, ரெண்டு நாள்தானே, கடிதாசி எங்கே போகும் என்று விட்டுவிட்டார்கள்.

குமாரி விளக்கின் முன்னே போய் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள்.

"அம்மா, தொடாதே!" ஸ்மிதா ஓடி வந்தாள். "பூஜைக்கு வெச்சத எடுத்தா எனக்கு பிஸிக்ஸ் போச்சு!"

"உனக்க பிஸிக்ஸ் வெச்சாலும் போவும், எடுத்தாலும் போவும். தள்ளு பிள்ளே."

"இன்னைக்கு வாசிக்கப் பிடாதும்மா."

"நீ வாசிக்காண்டாம். நான் எட்டாங் கிளாசோட நின்னவ. சரஸ்வதிக்கு இனி எங்கிட்ட கோவிக்க என்ன உண்டு?"

கைகூப்பிவிட்டுத்தான் கிழித்தாள்.

குமாரிக்கு ஒரு பழக்கம். கடிதம் எழுதினால் கேள்விகளுக்கு எண் போட்டுத்தான் எழுதுவாள். பதிலும் எண் போட்டு வர வேண்டும். போன மாதம் ஏழு கேள்வி அனுப்பியிருந்தாள். சுமியின் கையெழுத்து வரிசையாக நின்றது.

'1. அவர்கள் பூஜை அறையில் என்ன படம் என்று கேட்டாய். படம் இல்லை அம்மா, சிலையும் இல்லை. ஒரே தெய்வம், அதற்கு உருவம் செய்யக் கூடாதாம். வாசல் நிலையில் சாய்வாக ஒரு சின்னக் கூடு அடித்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் தோலில் எழுதிய வேத வசனம். உள்ளே வெளியே போகும்போது அதைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்வார்கள். எனக்கும் இப்போது கை தானாகப் போகிறது.

2. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சனிக்கிழமை நட்சத்திரம் காணும்வரை அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள், எழுத மாட்டார்கள், போன் எடுக்க மாட்டார்கள். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் எல்லாம் செய்யலாம், செய்தே ஆக வேண்டும். எஸ்தேர் அம்மைக்கு மூச்சு முட்டிய அன்று சனிக்கிழமைதான். சிம்கா யோசிக்கவே இல்லை, காரை எடுத்துவிட்டாள்.

3. பாலும் இறைச்சியும் சேரக் கூடாது, பாத்திரம்கூட வேறு வேறு. மீன் தின்பார்கள். ஆனால் செதிளும் செட்டையும் வேண்டும். நீ கொடுத்துவிட்ட கூனிப்பொடி இறால் ஆனதால் அந்த அடுக்களைக்குள் ஆகாது. நான் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்று தின்று தீர்த்தேன்.

4. அடுத்த வாரம் அவர்களுக்கு வருடப் பிறப்பு. ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தருவார்கள்.

6. அது கழிந்து பத்தாம் நாள் பெரிய நோன்பு. ஒரு பொழுதிலிருந்து மறு பொழுதுவரை பச்சைத் தண்ணீர்கூட இல்லை. தோல் செருப்புப் போட மாட்டார்கள். எஸ்தேர் அம்மை மாதிரி நோயாளிகள் நோன்பு இருக்கக் கூடாது, நேரத்துக்குக் கஞ்சியும் மருந்தும் கொடுக்க வேண்டும். நோன்புக்கு முன்னால் அவரவர் தாங்கள் நோகடித்தவர்களைத் தேடிப் போய்ப் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்பார்கள். தெய்வத்துக்குச் செய்ததைத் தெய்வம் பொறுக்குமாம். மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன் பொறுத்தால்தான் உண்டாம்.

7. கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதம். ஜனவரியில் வருகிறேன்.'

குமாரி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து விரல் வைத்து வந்தாள்.

"அஞ்சு எங்க?"

"என்ன அஞ்சு?"

"நாலுக்குப் பெறவு ஆறாக்கும் கிடக்குது. நான் அஞ்சாவதா என்னதான் கேட்டேன்?"

ஸ்மிதாவுக்கு ஞாபகம் இருந்தது. அம்மா சொல்லச் சொல்ல எழுதியவள் அவள்தான்.

"'சிம்கா உன்னிடம் எப்படி? திட்டுவாளா, கை ஓங்குவாளா, உள்ளதை எழுது'ன்னு கேட்டோம்."

மூன்று பேரும் விளக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கணக்குப் பிசகாமல் எண் போட்டு எழுதுகிறவளுக்குப் பிறந்த பெண், ஓர் எண்ணை மறப்பாளா?

மூன்றரைக்கே குமாரியும் செல்லசாமியும் தனுவச்சபுரம் ரோட்டு முக்கிலிருந்த பூத்துக்கு வந்துவிட்டார்கள். விருந்தாளிகள் வந்தால் உட்கார வைக்க ஸ்மிதா வீட்டில். கோயில் ஒலிபெருக்கி பக்திப் பாட்டை அள்ளி ரோட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. போன் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குக் கதவு உண்டு, ஆனால் கீல் போய் ஒரு சாண் திறந்தே நிற்கும். உள்ளே பேசுவது வெளியே பெஞ்சுக்குக் கேட்கும். பெஞ்சுக்குப் பக்கத்து மேசையில் தங்கப்பன். மேசைக்குப் பின்னால் அவன் மனைவி அம்மிணி, பூ கட்டிக்கொண்டு.

நாலு அடித்தது. போன் அடிக்கவில்லை. நாலு ஐந்துக்கு அடித்தது பாறசாலையிலிருந்து யாரோ ஒரு சிமெண்டுக் கடைக்காரன். செல்லசாமி அவனை மனதார வைதார். நாலு ஒன்பதுக்கு மறுபடி அடித்தது. குமாரி ஒரே எட்டில் கூண்டுக்குள் போய் எடுத்தாள்.

"ஸுமியுடெ அம்மயாணோ? ஞான் சிம்கா."

"எனக்க மக எங்க?"

"இங்க இருக்கா. பக்கத்துல. சுகமா இருக்கா."

கண்ணாடிக்கு வெளியே தன் முகத்தையே பார்த்து நின்ற புருஷனுக்கு உள்ளங்கையைக் காட்டினாள். அவர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

சிம்காவின் மலையாளம் விசித்திரமாக இருந்தது. ஐம்பதை நெருங்கும் பெண்ணின் கனத்த குரல். வார்த்தைகளோ, ஒன்பது வயதில் கப்பலேறியபோது எடுத்துப் போன சின்னப் பிள்ளை வார்த்தைகள்.

"நான் ஒரு தெற்று செய்தேன். நீங்க எனக்குப் பொறுக்கணும்."

"சாரமில்லம்மா," என்றாள் குமாரி.

யோசித்துச் சொன்னதல்ல. பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கும், பந்தியில் சேலையில் சாம்பாரைக் கவிழ்த்தவனுக்கும் சொல்கிற அதே சாரமில்ல. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது நாக்கு நுனியிலேயே இருக்கும்.

சிம்கா அதை ஏற்கவில்லை.

"அப்படி வேண்டாம். என்னன்னு கேட்டுட்டுச் சொல்லணும். கேக்காம பொறுத்தா எனக்கு அது ஆகாது."

பிறகு சிம்கா சொன்னாள். ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, நிறுத்தி நிறுத்தி.

எஸ்தேர் அம்மைக்குப் பறவூரிலிருந்து கொண்டுபோன தங்க வளையல் இரண்டு. ஒரு நாள் காணவில்லை. சிம்கா சுமியின் பெட்டியை முற்றத்தில் கவிழ்த்தாள். உள்ளாடைவரை உதறினாள். அயல்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள்.

"பதினொரு பேர். அன்னைக்கு எண்ணல. பெறவு ராத்திரி படுத்துக்கிட்டு எண்ணினேன். அவங்க முன்னால நான் சுமியைக் கள்ளின்னு சொன்னேன். இவளைப் பெத்தவ படிப்பிச்சு விட்டிருப்பான்னும் சொன்னேன்."

குமாரியின் காதுக்குள் ஒலிபெருக்கியும் அந்தக் குரலும் சேர்ந்து இரைந்தன.

"நாலாம் நாள் சுமி தலையணை உறையைத் துவைக்க எடுத்தா. வளையல் உள்ள இருந்துது. எங்க அம்மை ஒளிச்சு வெச்சுத் தச்சிருக்கா. அம்மைக்கு ஞாபகம் இல்ல. நான் சுமிகிட்ட பொறுக்கச் சொன்னேன். அவ பொறுத்தா. ஆனா, 'எனக்க அம்மையச் சொன்னது அம்மைக்குள்ளது, அத நான் எடுத்துத் தர முடியாது'ன்னு சொன்னா. எங்க நியமமும் அப்படித்தான். இன்னைக்கு சூரியன் போனா நோன்பு. அதுக்குள்ள நான் உங்ககிட்ட கேக்கணும்."

செல்லசாமி கதவிடுக்கில் தலையை நுழைத்தார். "என்னவாம்?"

குமாரி போனைப் பொத்திக்கொண்டு இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். அவர் முகம் முதலில் கறுத்தது. அப்புறம் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரல் தானாக இறங்கியது.

"சாரமில்லன்னு சொல்லிட்டு வெச்சிரு. பதுக்கப் பேசு. அந்த வார்த்தைய இங்க வாயில எடுக்காதே. தங்கப்பன் நிக்கியான் கேட்டியா. அஞ்சு மணிக்கு ரத்னபாய் வருவா."

"பெட்டிய முற்றத்துல கவுத்தியிருக்கா."

"கவுத்தினது கவுத்தியாச்சு. இனி இங்கயும் கொண்டு கவுத்தணுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் குமாரிக்குப் பொறுக்கவில்லை. சுமி கள்ளி இல்லை என்று சொல்ல வேண்டுமானால் கள்ளி என்ற சொல்லைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் பெஞ்சு கேட்கும், பெஞ்சு கேட்டால் பெருங்கடவிளை கேட்கும்.

"சுமிகிட்ட கொடு," என்றாள் போனில்.

"அம்மா." குரல் அருகில், அடுத்த அறையில் நிற்பதுபோல வந்தது.

"அஞ்சாவது கேள்விக்கு ஏன் மக்கா பதில் எழுதல்ல?"

"எழுதினா நீ சோறு திம்பியா?"

"இப்ப திங்கப் போறேனோ?"

சுமி சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. "நான் நல்லா இருக்கேம்மா. உண்மையாட்டு. கண்டெடுத்த அன்னைக்கு அவ என் காலப் பிடிச்சா. நான் விட்டுட்டேன். மத்தது மட்டும் எனக்க கையில இல்ல."

"அந்த அயல்காரிய எல்லாரும் இப்ப உங்கிட்ட எப்படி?"

"கடைக்குப் போனா பைய எடுத்து மடியில வெச்சிப்பாவ."

"சிம்காகிட்ட கொடு."

குமாரி கூண்டுக்குள் நிமிர்ந்து நின்றாள். ஒலிபெருக்கியை மீறிக் கேட்க வேண்டுமானால் கத்தித்தான் பேச வேண்டும். கத்தினாள்.

"கேட்டுக்கோ சிம்கா. எனக்க மக கள்ளி இல்ல."

பெஞ்சில் செல்லசாமி கண்ணை மூடினார். அம்மிணியின் கையில் நூல் நின்றது.

"என்னைச் சொன்னத நான் இப்பளே விட்டுருவேன். நான் யாரு, நீ கண்டிருக்கியா? ஆனா அந்தப் பதினொரு பேரும் அவள இப்பளும் அப்படித்தானே பாக்கியாவ? நீ அவியகிட்ட சொன்னியா?"

"வளையல் கிடைச்சுதுன்னு சொன்னேன்."

"எங்க கிடைச்சுதுன்னு?"

"சொல்லல்ல. அம்மைக்குப் புத்தி போச்சு, கோட்டின்னு சொல்லுவாங்க. எனக்கு நாணமா இருந்துது."

குமாரிக்கு அந்தப் பதில் சுருக்கென்று தைத்தது. அவளும் இந்த நிமிஷம்வரை அதே நாணத்தோடுதான் அந்தக் கூண்டுக்குள் நின்றிருந்தாள்.

"உனக்க அம்மைய மூடி வெச்சே. அதுக்கு எனக்க பிள்ளையத் தொறந்து போட்டே," என்றாள், கொஞ்சம் தணிந்து. "பதினொரு வீட்டுக்கும் போ. சுமியக் கூட்டிட்டுப் போ. வளையல் எங்க இருந்துதுன்னு சொல்லு. சொல்லிட்டு இந்த நம்பருக்கு விளி. அப்ப நான் பொறுப்பேன். முழு மனசோட பொறுப்பேன்."

"இங்க ஒரு மணி ஆகப் போகுது. நோன்புக்கு முன்னால சாப்பாடு உண்டு, குளிக்கணும். அஞ்சரைக்கு சூரியன் போகும். போனா நான் போன் தொட மாட்டேன்."

"எங்களுக்கு அப்ப ஒம்பது. நான் இஞ்சயே இருப்பேன்."

"ஓ," என்றாள் சிம்கா. வாத்தியாரிடம் சொல்கிற பிள்ளை மாதிரி. "போறேன்."

குமாரி வெளியே வந்தபோது தங்கப்பன் மேசையில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"நீ தேடாண்டாம் தங்கப்பா. கேட்டியல்லா?"

"பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் சரியா..."

"பாதி கேட்டிருக்கே. பாதிய பெருங்கடவிளைக்குக் கொண்டு போவாதே. இரு, முழுசும் சொல்லியேன்."

சொன்னாள். வளையல், பெட்டி, முற்றம், தலையணை, பதினொரு பேர், ஒன்றும் விடவில்லை. செல்லசாமி இரண்டு தடவை இடையில் இருமினார். அம்மிணி மட்டும், "அந்தக் கிழவித் தள்ளைக்க மவ நடப்பாளாக்கா? ஓரோ வீட்டுப் படியும் ஏறணுமே," என்றாள்.

"தெரியல்ல."

ஐந்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது அம்மிணி பலகையைக் கழுவி மேசை ஓரத்தில் வைத்தாள். சந்தனக் கிண்ணம், தெச்சிப்பூ, விளக்கு. குமாரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆயுத பூஜை. பூத்திலுள்ள சாமானெல்லாம் பூஜைக்கு ஏறும்.

"போனையும் வெப்பியளா?"

"வெக்காம? அதுதானேக்கா எங்களுக்குச் சோறு. வெச்சா நாளைக்குக் காலத்த பூஜை கழிஞ்சுதான் தொடுவோம்."

"ஒரு விளி கூடி உண்டு அம்மிணி."

"தெய்வ காரியமாக்கும்." அம்மிணி புருஷனைப் பார்த்தாள். "வருஷா வருஷம் வெக்கியதாக்கும்."

குமாரி வாதாடவில்லை. "நீங்க பூட்டிட்டுப் போங்க. நான் படியில இருப்பேன். உள்ள அடிச்சா அடிக்கியதாவது கேக்கும்."

தங்கப்பன் பலகைக்கும் போனுக்கும் நடுவில் நின்றான். கால்குலேட்டரை எடுத்து வைத்தான். பில் அடிக்கும் மெஷினை வைத்தான். ஸ்டேப்ளரையும் டைரக்டரியையும் மேலே அடுக்கினான். பேனாவுக்குச் சந்தனம் தொட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டான்.

"போனு?" என்றாள் அம்மிணி.

"அது சர்க்காருக்க சொத்தாக்கும். எனக்க ஆயுதம் பேனா. விளக்கக் கொளுத்து."

அம்மிணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். கொளுத்தினாள்.

ஐந்து பத்துக்கு ஸ்மிதா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அம்மா, அவிய வந்தாச்சு. ரத்னபாய் மாமியும் ரெஜியண்ணனும். 'சுமிக்க அம்மை எங்க'ன்னு கேக்கியாவ. அடுப்படியிலன்னு சொன்னேன். மூணு தடவ சொல்லியாச்சு. நாலாவது தடவ மாமி அடுப்படிக்கே எழும்பிட்டா. சீக்கிரம் வா!"

செல்லசாமி எழுந்தார். "வா குமாரி. தேதி பேசி முடிச்சிட்டு வரலாம். அவ எங்க விளிக்கப் போறா, பதினொரு வீடு ஏறி..."

குமாரி எழவில்லை. கூண்டுக்குள் கறுத்துக் குந்தியிருந்த போனைப் பார்த்தாள். அங்கே இப்போது எத்தனையாவது வீட்டுப் படி? ஒன்றா, ஏழா, எதுவும் இல்லையா? சுமி பக்கத்தில் நடக்கிறாளா, வாசலில் நிற்க வைத்திருக்கிறார்களா?

"அவியள இங்க கூட்டிட்டு வா மக்கா."

"எங்க? பூத்துக்கா?"

"பூத்துக்குத்தான். நான் எதுக்கு இருக்கேன்னு நானே சொல்லியேன். அது அடிக்கும்போது அவியளும் கேக்கட்டு."

"அடிக்கல்லேன்னா?" என்றார் செல்லசாமி.

குமாரி பெஞ்சில் சுவரை ஒட்டி நகர்ந்து, இன்னும் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.